விதைநெல் மூட்டையும் என் றப்பர் முத்திரையும்

புதிதாக நியமனம் பெற்றிருக்கும் கிராம அலுவலர்களே, தம்பி தங்கையரே,

உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சுற்றுநிருபங்களை எல்லாம் வாசித்துக் காட்டியிருப்பார்கள். எந்தப் படிவத்தை எத்தனை பிரதி எடுப்பது, எந்தக் கோவையில் போடுவது என்பதெல்லாம் ஆறு மாதத்தில் கைக்குப் பழகிவிடும். அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சனம் உங்களை ஜி.எஸ். என்று கூப்பிடும், வயதானவர்கள் விதானை என்பார்கள். கையில் ஒரு றப்பர் முத்திரை வந்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிரும். எனக்கும் நிமிர்ந்தது. அந்த முத்திரையைக் குத்தி நான் செய்த ஒரு கேவலத்தைத்தான் எழுதப் போகிறேன். ஓய்வூதியம் எடுத்தாயிற்று, இனி என்னை யாரும் இடமாற்றம் செய்ய முடியாது.

என் பிரிவு, பரந்தன் சந்தியில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் முரசுமோட்டை தாண்டிப் போனால் வரும் ஒரு வயற்காரப் பிரிவு. பெயரைச் சொல்லமாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

பாலேந்திரன் அந்தப் பிரிவில் குடியேற்றத் திட்டக் காணியில் பிறந்தவன். தகப்பன் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வந்து காடு வெட்டி வயலாக்கியவர், எப்போதோ செத்துப்போனார். தாய் மணியம்மா. ஒரேயொரு தங்கை, கலா. யுத்தமும் இடப்பெயர்வும் முடிந்து திரும்பி வந்தபோது பாலேந்திரன் மற்றவனுடைய உழவு இயந்திரத்தைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். சில வருடங்களில் சொந்தமாக மூன்று டிப்பர் வந்தது, ஒரு அரிசி ஆலை வந்தது, கிளிநொச்சி நகரில் மாடி வீடு வந்தது. எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் தெரியாமை அல்ல. கேரளாவிலிருந்து கடலால் வரும் கஞ்சா கரையில் இறங்கி, டிப்பரில் மணலுக்குக் கீழே படுத்துத் தெற்கே போவது எங்கள் ஊரில் பால்குடி தவிர எல்லாருக்கும் தெரியும். பிறகு ஹெரோயின் தூளும் வந்தது. அது தெற்கே போகவில்லை, எங்கள் ஊர்ப் பெடியளிடமே தங்கிவிட்டது.

ஊர் என்ன செய்தது? அவனை முதலாளி என்று கூப்பிட்டது. கோயிலுக்குத் தலைவராக்கியது. விளையாட்டுக் கழகம் அவனுடைய படத்தைப் பதாகையில் போட்டது. ஒரு விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினராக வந்து, போதைப்பொருளின் தீமைகள் பற்றி அவன் பத்து நிமிடம் பேசினான். பிள்ளைகள் வெயிலில் நின்று கேட்டார்கள். மேடையில் முதல் வரிசைக் கதிரைகளில் இருந்த கனவான்கள் எல்லாரும் கைதட்டினார்கள். மூன்றாவது கதிரையில் நான் இருந்தேன். நானும் தட்டினேன்.

அடுத்த வருடம் அவனுடைய டிப்பர் ஒன்று பிடிபட்டது. மணலுக்குக் கீழே கஞ்சாப் பொதிகள் இருந்தன. ஓட்டிக்கொண்டு வந்தவன் சந்திரன், கலாவின் புருசன், அதாவது முதலாளியின் சொந்த மச்சான். சந்திரனையும் வாகனச் சொந்தக்காரன் என்று பாலேந்திரனையும் விளக்கமறியல் சிறையில் போட்டார்கள். தனக்கு ஒன்றும் தெரியாது, சாரதி செய்த வேலை என்று பாலேந்திரன் சொன்னான். மணல் ஏற்றச் சொன்ன இடத்தில் ஏற்றினேன், கீழே என்ன கிடந்தது என்று தெரியாது என்று சந்திரன் சொன்னான்.

சந்திரனைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் மலையகத்தில் இருந்து ஒரு காலத்தில் துரத்தப்பட்டு வந்து உடையார்கட்டுப் பக்கம் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. கலா அவனை விரும்பிக் கட்டியவள். மணியம்மா அந்தக் கலியாணத்துக்குப் போகவில்லை. பேரப்பிள்ளைகள் இரண்டு பிறந்த பிறகும் மருமகனின் பெயரை வாயால் சொன்னதில்லை, 'அவன்' தான். பாலேந்திரன் மட்டும் பெரிய மனம் காட்டி அவனுக்கு டிப்பர் ஓட வேலை கொடுத்திருந்தான். அந்தப் பெரிய மனம் எதற்கு என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அந்தக் கிழமையே மணியம்மா என் கந்தோருக்கு வந்தா. கூடவே பாலேந்திரனின் சட்டத்தரணி எழுதிக்கொடுத்த தாள். அவனுக்கு இரண்டு சான்றிதழ் வேண்டும். ஒன்று நன்னடத்தைச் சான்றிதழ். மற்றது வதிவிடச் சான்றிதழ். மாடி வீட்டைப் பற்றி நீதிமன்றத்தில் பேச்சே வரக்கூடாது என்பதால், அவன் தாயோடு திட்ட வீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கும் வயல் செய்யும் சாதாரண கமக்காரன், அந்த வீட்டின் குடும்பத் தலைவன் என்று எழுத வேண்டும். அவனே மறியலுக்குள் இருந்து கையெழுத்து வைத்து அனுப்பிய பிரகடனமும் இருந்தது.

"நான் பெத்த பிள்ளையை எனக்குத் தெரியாதோ பிள்ளை," என்றா மணியம்மா. "அந்தத் தோட்டக்காட்டான் செய்த வேலைக்கு என்ர பிள்ளை உள்ளுக்குக் கிடக்கிறான். எழுதித் தா."

அந்த வீட்டில் அவன் மூன்று வருடமாக ஒரு நாள்கூடப் படுத்தெழும்பியதில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். சாட்டுக்கு ஒரு நாள் கேட்டு, பிரதேச செயலகத்தில் எனக்கு மேலே இருந்த அதிகாரியிடம் போனேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து எனக்கு நெளிவு சுளிவு எல்லாம் காட்டித் தந்தவர் அவர்தான். நல்ல மனிதர், லஞ்சம் தொடாதவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எழுதிக் குடுங்கோ பிள்ளை. வாற மாரியில வெள்ளம் வந்தா சமைச்ச சாப்பாட்டுக்கு நாங்கள் அவரிட்டைத்தான் போய் நிக்க வேணும். பிழையெண்டா அதைக் கோட்டில நீதவான் பார்க்கட்டும்."

நீதவான் பார்த்துக்கொள்வார் என்பதுதான் எங்கள் உத்தியோகத்தின் தாலாட்டு. அந்த நீதவான் எதைப் பார்ப்பார்? நாங்கள் எழுதியதைத்தான் பார்ப்பார். இந்தச் சின்னக் கணக்கு எனக்கு அன்று விளங்கவில்லை என்று சொல்ல ஆசை. விளங்கியது, ஆனால் எழுதினேன். 'எனக்கு நன்கு தெரிந்தவர், நன்னடத்தையுடையவர்' என்று எழுதி, முத்திரையை ஊதி ஈரம் காயவைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் கலா வந்தாள். அவளும் ஒரு சான்றிதழ்தான் கேட்டாள், சந்திரனுக்கு. அவன் இத்தனை வருடமாக இந்த ஊரில் இருக்கிறான், கூலிக்கு வாகனம் ஓடுகிறவன் என்று இரண்டு வரி போதும் என்று இலவச சட்டத்தரணி சொல்லியிருந்தாராம். நான் பதிவேட்டைத் திறந்தேன். சந்திரனின் குடும்பப் பதிவு இன்னும் உடையார்கட்டுப் பக்கத்தில் தாய் தகப்பனோடு கிடந்தது, என் பிரிவுக்கு மாற்றப்படவில்லை.

"பதிவு அங்க இருக்கேக்க நான் எழுத ஏலாது கலா. அங்கத்தை ஜி.எஸ்.ஸிட்டைப் போங்கோ."

அவள் போனாள். அவன் இப்போது இங்கே இல்லையே, இருக்கும் இடத்தில் கேளுங்கள் என்று அந்த ஜி.எஸ். திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தாள். சட்டம் சட்டம்தான் என்றேன். அவளுடைய தமையனுக்கு அதே கிழமை இதே மேசையில் பச்சைப்பொய் எழுதிக் கொடுத்த அதே ஆள், அதே பேனா. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. 'நீயும் இவ்வளவுதானா' என்ற அலுப்பு இருந்தது. எனக்குக் கோபத்தைத் தாங்கத் தெரியும், அந்த அலுப்பைத் தாங்க முடியவில்லை.

பாலேந்திரன் இரண்டு கிழமையில் பிணையில் வந்தான். சந்தியில் வெடி கொளுத்தி மாலை போட்டார்கள். சந்திரன் உள்ளேயே இருந்தான். என் கடிதம் இருந்திருந்தால் வெளியே வந்திருப்பானா என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒரு கடிதம் அவனிடம் இருக்கவில்லை என்பது மட்டும் தெரியும். கலா இரண்டு பிள்ளைகளோடு நாற்று நடவும் களை பிடுங்கவும் கூலிக்குப் போனாள். தமையன் உதவி செய்கிறேன் என்று ஆள் விட்டான். அவள் வாங்கவில்லை. அதற்கும் மணியம்மா அவளைத்தான் திட்டினா.

இப்படி ஒன்பது மாதம் போனது. ஐப்பசி மழையோடு காலபோக விதைப்புத் தொடங்கி, கார்த்திகை நடுவில் எல்லா வயலும் பச்சை பிடித்துவிட்டது. ஒரு நாள் கலா கந்தோருக்கு வந்து, கதவுக்கு வெளியே கடைசி ஆளும் போகும்வரை நின்றாள்.

"அக்கா, அண்ணை அம்மாவின்ர நெல்லறையில பத்து மூட்டை அடுக்கி வைச்சிருக்கிறார். விதைநெல், தொடவேண்டாம் எண்டு அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார்."

"அதுக்கென்ன?"

"விதைப்பு முடிஞ்சு மூண்டு கிழமை. ஒரு மூட்டையும் குறையேல்லை. விதைக்காத விதைநெல்லை ஆர் அக்கா வீட்டில வைச்சிருப்பினம்? அம்மாவின்ர வீட்டில எலி குடும்பம் நடத்துது. சாப்பாட்டு நெல் மூட்டை எல்லாம் ஓட்டை. அந்தப் பத்தையும் ஒரு எலி தொடேல்லை."

நான் சிரித்தே விட்டேன். கமக்காரன் என்று என்னிடம் சான்றிதழ் வாங்கினவன், விதைநெல் எந்த மாதம் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும் என்பதை மறந்துபோனான். பொலிஸ், நாய், ஒற்றன் எல்லாரையும் ஏய்த்தவன். கமக்காரன் வீட்டில் பிறந்த ஒரு பெண் பிள்ளை நெல்லறைக்குள் எட்டிப் பார்ப்பாள் என்று நினைக்கவில்லை.

கலா சிரிக்கவில்லை. "நான் சொல்ல வேண்டிய இடத்தில சொல்லப்போறன். அண்ணையைப் பிடிச்சாத்தான் இவருக்கு ஒரு வழி வரும். ஆனா வீடு அம்மாவின்ர பேரில. சாமான் எடுபட்டா அம்மாவையல்லோ கொண்டு போவினம்?"

"வீட்டில ஆர் இருக்கினமோ அவையைத்தான் முதல்ல கேப்பினம்," என்றேன்.

"அப்ப வெள்ளிக்கிழமை சொல்லுறன். அண்டைக்கு அம்மாவுக்குக் கிளினிக். நான் காலமையே கூட்டிக்கொண்டு போயிடுவன்."

அவள் போன பிறகு மணியம்மாவின் வீட்டுக் கோவையை எடுத்துப் பார்த்தேன். பாலேந்திரன் கையெழுத்து வைத்த பிரகடனம் அதற்குள் இருந்தது. கோவையை என் கைப்பைக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிபோல் பொலிசார் வந்து, சோதனைக்குச் சாட்சியாக வரவேண்டும் என்று என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். வீட்டு வாசலில் இறங்கினேன். முற்றத்தில் கலா கிளினிக் கொப்பியோடு நிற்கிறாள். குசினிக்குள் மணியம்மா நிற்கிறா. விறாந்தையில் பாலேந்திரன் கதிரையில் இருந்து சோறு சாப்பிடுகிறான். மகன் மத்தியானம் சாப்பிட வருகிறேன் என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறான், தாய் கிளினிக்கை விட்டுவிட்டு நண்டு வாங்கிச் சமைத்திருக்கிறா. கலா எவ்வளவோ கெஞ்சியும் அசையவில்லை.

நெல்லறையைத் திறந்து முதல் மூட்டையைக் குத்தினார்கள். மேலே ஒரு சாண் நெல். அதற்குக் கீழே கஞ்சாப் பொதி. ஐந்தாவது மூட்டைக்குள் தூளும் இருந்தது.

பாலேந்திரன் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினான். முகத்தில் ஒரு சொட்டுப் பதற்றம் இல்லை.

"சேர், இது அம்மாவின்ர வீடு. எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் இருக்கிறது கிளிநொச்சியில. இண்டைக்குச் சாப்பிட வந்தனான், அவ்வளவுதான்."

பொலிசாருக்குத் தலைமையாக வந்த சாஜன் மணியம்மாவைப் பார்த்தார். "உங்கட வீடோ அம்மா? இது ஆற்ற சாமான்?"

மணியம்மா மகனைப் பார்த்தா. பிறகு மூட்டையைப் பார்த்தா. "ஓம். என்ர சாமான்தான்."

"என்ன சாமான் இது?"

"விதைநெல்," என்றா மணியம்மா.

ஒரு பொலிஸ்காரன் சிரித்தான். கலா ஓடிவந்து தாயின் கையைப் பிடித்தாள். "அம்மா, பேசாம இருங்கோ! உங்களுக்கு ஒண்டும் தெரியாது!"

மணியம்மா அந்தக் கையை உதறினா. "எனக்குத் தெரியும். உன்ர புருசனுக்காக என்ர பிள்ளையைப் பிடிச்சுக் குடுத்திட்டாய். கிளினிக் எண்டு என்னைக் கிளப்பினது இதுக்குத்தானே?"

அப்போது பாலேந்திரன் பேசினான். நான் ஊழல், களவு, பொய் எல்லாம் பார்த்தவள். இதைப் போல ஒன்றைப் பார்த்ததில்லை.

"அம்மாதான் தன்ர எண்டு சொல்லுறாவே சேர். அதை எழுதுங்கோவன்."

மணியம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. கோயில் தலைவர், பிரதம விருந்தினர், முதலாளி! பெற்றவள் சமைத்த நண்டுக் கறியின் வாசம் விரலில் போகவில்லை, அதற்குள் அவளை மறியலுக்கு அனுப்ப அவசரப்படுகிறான். எனக்கு அவன்மேல் வந்தது கோபம்கூட இல்லை, அருவருப்பு.

சாஜன் என் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்கள் சொல்லுங்கோ. பதிவின்படி இந்த வீட்டில ஆர் இருக்கிறது?"

பாலேந்திரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அக்காவுக்குத் தெரியும்தானே, நான் இங்க இருக்கிறேல்லை எண்டு. உண்மையைச் சொல்லுங்கோ அக்கா."

பாருங்கள், அவன் என்னிடம் உண்மையைக் கேட்கிறான். அது உண்மையும்கூட. அதைச் சொன்னால் மணியம்மா ஜீப்பில் ஏறுவா, அவன் மாடி வீட்டுக்குப் போவான், சந்திரன் உள்ளேயே கிடப்பான். நான் பொய்ச் சான்றிதழ் கொடுத்ததும் வெளியே வந்து என் உத்தியோகமும் போகும். பொய்யைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் மறுபக்கம் திரும்பும். யோசிக்க எனக்குக் கிடைத்தது கைப்பையின் சிப்பைத் திறக்கும் நேரம்தான்.

கோவையை எடுத்து சாஜனிடம் கொடுத்தேன்.

"பாலேந்திரன் இந்த வீட்டில நிரந்தரமா இருக்கிறவர். குடும்பத் தலைவரும் அவர்தான். நான் சும்மா சொல்லேல்லை, அவரே கையெழுத்து வைச்சுக் கோட்டுக்குக் குடுத்தது இது. பிணை எடுத்ததே இந்த விலாசத்திலதான்."

அவன் சிரிப்பு போக நேரம் எடுத்தது. அதில் எழுதியது பொய் என்றால் பிணைக்காக நீதிமன்றத்தை ஏமாற்றினவன் ஆவான், உண்மை என்றால் மூட்டைகளுக்குச் சொந்தக்காரன் ஆவான். பிறகு ஜீப்பில் ஏறினான்.

மணியம்மாவையும் வாக்குமூலத்துக்குக் கொண்டுபோய்ப் பொழுதுபடமுதல் விட்டுவிட்டார்கள். ஜீப்பில் ஏறமுதல் என்னைப் பார்த்து, "நீ நல்லா இருக்கமாட்டாய்," என்றா. அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் சொன்னா.

அதற்குப் பிறகு ஊர் நடந்துகொண்ட அழகைச் சொல்ல வேண்டும். கோயில் கல்வெட்டில் இருந்த அவன் பெயரின்மேல் ஒரு கிழமைக்குள் சீமெந்து பூசினார்கள். விளையாட்டுக் கழகம் பதாகையில் அவன் தலை இருந்த இடத்தில் ஒரு பந்தை ஒட்டியது. மாலை போட்டவர்கள் எல்லாரும் 'எனக்கு அப்பவே தெரியும்' என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லித் திரிந்தார்கள். எனக்கு மேலே இருந்த அந்த நல்ல மனிதரும் சொன்னார். எனக்குப் பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது, பதிவேடுகளைச் சரியாகப் பேணியதற்காக. பொய்யை ஒழுங்காகக் கோவைப்படுத்தினால் அரசாங்கம் அதை நல்ல நிர்வாகம் என்று சொல்லும் என்று அன்று படித்தேன்.

நான் செய்தது சரி என்று உங்களுக்குச் சொல்ல வரவில்லை. அவன் கையில் விலங்கு விழுந்தது என் நேர்மையால் அல்ல. நான் எழுதிய பொய் தற்செயலாகச் சரியான பக்கம் விழுந்தது. மற்றப் பக்கம் விழுந்திருந்தால் எழுபது வயது மனுசி இன்று மறியலுக்குள் இருந்திருப்பா. உங்கள் முத்திரைக்கு இந்தக் குருட்டு அதிர்ஷ்டம் கிடைக்கும் என்று நம்பிக் குத்தாதீர்கள்.

சந்திரன் அதற்குப் பிறகும் நாலைந்து மாதம் கழித்துத்தான் வழக்கிலிருந்து விடுபட்டு வெளியே வந்தான். யாரும் வெடி கொளுத்தவில்லை. ஒரு பழைய ஓட்டோவைத் தவணைக்கு எடுத்து ஓடத் தொடங்கினான். மணியம்மா தனியாக இருக்க முடியாமல் மகள் வீட்டோடு வந்துவிட்டா. மகளோடு ஒழுங்கான கதை இல்லை, மருமகன் இன்னும் 'அவன்' தான். ஆனால் மாதம் ஒருமுறை மகனைப் பார்க்கச் சிறைச்சாலைக்குப் போக, உறவுமுறையை உறுதிப்படுத்தி நான் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு அவவை என் கந்தோருக்கும், அங்கிருந்து பரந்தன் பஸ் நிலையத்துக்கும் ஓட்டோவில் ஏற்றிப் போனவன் சந்திரன். மணியம்மா என் முகத்தைப் பார்த்ததில்லை. கடிதத்தைப் பறித்துக்கொண்டு வெளியே போய் ஓட்டோவுக்குள் இருந்துவிடுவா.

"பாலேந்திரன் உள்ளுக்கிருந்து வந்து தாயைப் பார்க்கிறவனோ?" என்று ஒருமுறை சந்திரனைக் கேட்டேன்.

"சில மாசம் வருவாருங்க மிஸ். சில மாசம் வரமாட்டாருங்க. அந்த மாசம் அம்மா கொண்டுபோன சாப்பாட்ட அப்படியே திருப்பிக் கொண்டாந்துருவாங்க."

என் கடைசி வேலை நாளிலும் அவர்கள் வந்தார்கள். நான் காத்திருந்தேன். முதல் நாளே ஒரு படிவத்தை எடுத்து என் கையாலேயே எழுதி வைத்திருந்தேன். சந்திரனின் முழுப்பெயர், இந்தப் பிரிவில் குடியிருக்கும் வருடங்கள், தொழில். கீழே, 'எனக்கு நன்கு தெரிந்தவர், நன்னடத்தையுடையவர்.' கையெழுத்தும் முத்திரையும் வைத்து அவன் முன்னால் நீட்டினேன்.

அவன் எழுத்துக்கூட்டி முழுதையும் வாசித்தான். பிறகு மடிக்காமல் என் மேசையிலேயே பக்குவமாக வைத்தான்.

"இது இப்ப எதுக்குங்க மிஸ்? அன்னைக்கு இருந்திருந்தா உதவியிருக்கும்." குரலில் ஒரு குத்தலும் இல்லை. "அம்மாவோட லெட்டருக்கு மட்டும் சீல் குத்திக் குடுங்க. பஸ் போயிரும்."

நான் குத்திக் கொடுத்தேன்.